வெற்றிலையைத் துப்பிவிட்டுப் பேசு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: அரியலூர் ஆஸ்பத்திரி டாக்டர். கம்பவுண்டர். என் பெண்சாதி. விக்கிரமங்கலத்திலிருந்து வந்த அவள் அண்ணன். நான்.

வருடம் சரியாக நினைவில்லை. பட்டாளத்துக்குப் போனவர்கள் சண்டை முடிந்து திரும்பி வந்த சமயம். மாசி மாதம்.

என் பெண்சாதிக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நான் ஊரில் சொல்லி வைத்திருந்தேன். அவளுக்குப் பேச்சு குழறியது. பிறகு பேசுவதையே விட்டுவிட்டாள். அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு அரும்பாவூரில் ஒரு பெண்ணைக் கட்டுவதாக இருந்தேன். போய்ப் பெண்ணையும் பார்த்தாயிற்று.

அவள் அண்ணன் ஒன்றுதான் கேட்டார். "அரியலூருல பட்டாளத்து டாக்டர் ஒருத்தர் வந்திருக்காரு. தலையில அடிபட்டவங்களை நெறயப் பாத்தவராம். அவரு பாத்துப் புத்தி போச்சுன்னு சொல்லிட்டா, நானே வண்டியில ஏத்திட்டுப் போயிடறேன், மாப்ளே."

சரி என்றேன். டாக்டரும் நான் சொன்னதையே சொல்வார் என்று நினைத்தேன்.

டாக்டர் அவளிடம் பெயர் கேட்டார். நான் சொன்னேன். வயது கேட்டார். நான் சொன்னேன். சோறு விழுங்க முடிகிறதா என்றார். அதற்கும் நான்தான்.

கம்பவுண்டர் சிரித்தார். "நாக்க நீட்டச் சொன்னாலும் நீங்களே நீட்டிடுவீங்க போலருக்கே."

"அந்தம்மா பேசட்டும்" என்றார் டாக்டர். "அவங்க பேச்ச நான் காதால கேக்கணும்."

எங்கள் வீட்டுப் பெண்கள் அயல் ஆண்களிடம் பேசுவதில்லை. பதினெட்டு வருடமாக அவளுக்கும் சேர்த்து நான்தான் பேசி வந்தேன்.

நாக்கை நீட்டச் சொன்னார். அவள் என்னைப் பார்த்தாள். புருஷன் எதிரில் எப்படி நீட்டுவாள்? நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன். அதன் பிறகு காதில் விழுந்தது மட்டும்தான்.

"இடப் பக்கம் கொண்டு போங்க. வலப் பக்கம். சரி, கன்னத்த உப்புங்க. காத்த வுடாதீங்க. வுட்டுட்டீங்களே."

வேகமாக "ப, ப, ப" சொல்லச் சொன்னார். பிறகு "த". பிறகு "க". பிறகு மூன்றையும் சேர்த்து. நடவு வயலில் காலைப் பிடுங்கிப் பிடுங்கி நடப்பது போல அவள் சொன்னாள். ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு எண்ணச் சொன்னார். ஆறோடு மூச்சு தீர்ந்தது.

"நேத்து என்னம்மா சமைச்சீங்க?"

அவள் கொஞ்ச நேரம் பேசினாள். டாக்டர் என்னைக் கூப்பிட்டார். "என்ன சொல்றாங்க?"

எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

அண்ணன்தான் சொன்னார். "களி கிண்டுனாளாம். கொள்ளு ரசம். அவருக்கு மட்டும் சோறு. ரசத்துல உப்பு தூக்கலாப் போச்சு, அவரு பாதியில எழுந்துட்டாருங்கறா."

"நெசமா?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"ஆமாங்க."

"புத்தியில ஒரு கொறையும் இல்ல. மூளையில ஒரு எடத்துல ரத்தம் அடைச்சிருக்கு. அதனால நாக்கும் ஒதடும் தளந்து போச்சு. நெனைக்கிறது சரியா நெனைக்கிறாங்க. வாய் எடுத்துக் குடுக்கல. தெனம் யாராவது எதுர உக்காந்து எண்ணச் சொல்லணும். கொஞ்சம் தேறும். வாய் ஒரு பக்கம் கோணியிருக்கே, நீங்க பாக்கலியா?"

பார்த்தேன். கோணித்தான் இருந்தது.

"அப்ப எந் தங்கச்சி எங்கியும் போவ வேணாமில்ல?" அண்ணன் கேட்டது டாக்டரை. பார்த்தது என்னை.

"வேணாம் மச்சான். அரும்பாவூருக்குச் சொல்லி அனுப்பிடறேன்."

அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் சீட்டு எழுதினார். "எப்போலேர்ந்து இப்பிடி?"

என் வாய் சும்மா இருக்கவில்லை. "பொங்கலுக்கு அப்பறங்க. ஒரு மாசம் இருக்கும்" என்றேன்.

அவள் இல்லை என்று தலையாட்டினாள். என் பேச்சை அவள் மறுத்தது அதுதான் முதல் தடவை. மெதுவாக என்னவோ சொன்னாள். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"ஆடியில ஒரு நா காலையில கொடம் கை நழுவி ஒடஞ்சுதாம். வாய் ஒரு மாதிரியா இருக்குன்னு அன்னிக்கே ஒங்ககிட்ட சொன்னாளாம்."

குடம் நினைவிருந்தது. புதுக் குடம். திட்டினேன். அவள் ஏதோ முனகினாள். "வெத்தலையத் துப்பிட்டுப் பேசு" என்றேன். அவள் வாயைத் திறந்து காட்டினாள். நான் பார்க்கவில்லை. அவளுடைய வெற்றிலைப் பையைப் பிடுங்கிக் குப்பைக்குழியில் எறிந்தேன். அதற்குப் பிறகு அவளிடம் வெற்றிலையே கிடையாது. ஆனாலும் அவள் வாய் திறந்தபோதெல்லாம் அதையேதான் சொன்னேன். அப்படித்தான் அவள் பேசுவதை நிறுத்தினாள். இதை அங்கே யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். அவள் ஒவ்வொரு விரலாக மடக்கினாள். நான் சொன்ன ஒரு மாதத்தை அடித்துவிட்டு அவள் காட்டியதை எழுதினார்.

ஏழு மாதம்.