இடப்பக்கம் மேலே

பெங்களூர் ஈஜிபுராவில் லேடீஸ் டெய்லர் ரெமிஜியஸின் தங்கை பவுலின் ஜப்பான் மொழி படிக்கப் போகிறாள் என்று தெரிந்ததும் தெருவில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான்: "எதுக்கு?"

அவள் ஹெப்பகோடியில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். வாரத்துக்கு மூன்று நாள் ஒசாகாவிலிருந்து போன் வரும். எடுத்ததும் அந்தப் பக்கத்துக் குரல் நீளமாக ஒரு வாக்கியம் சொல்லும். இவள் "ஒன் மினிட் ப்ளீஸ்" என்று மேனேஜருக்கு லைனைத் தள்ளிவிடுவாள். மூன்று வருஷம் அதே வாக்கியத்தைக் கேட்டவள், ஒருநாள் அதற்கு என்ன அர்த்தம் என்று மேனேஜரைக் கேட்டாள்.

"உனக்கு எதுக்கும்மா அது? லைன் குடுத்தா போதும்" என்றார் அவர்.

அந்த வாரமே பல்கலைக்கழகத்து மாலை வகுப்புக்கு விண்ணப்பம் வாங்கினாள். 1996 ஜூலை. பி.யூ.சி. தேறியிருந்தால் போதும் என்று அதில் அச்சடித்திருந்தது, அவள் தேறியிருந்தாள். ஷிப்ட் முடிந்து இரண்டு பஸ் மாறி ஆறு மணி வகுப்புக்குப் போவாள். இரண்டாம் மாதத்தில் அந்த வாக்கியம் பிடிபட்டது. 'எப்போதும் எங்களைக் கவனித்துக்கொள்கிறீர்கள், நன்றி.' மூன்று வருஷமாக ஒருவர் தனக்கு நன்றி சொல்லியிருக்கிறார், தான் ஒரு வார்த்தை பதில் சொன்னதில்லை. அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

வகுப்பில் இருபத்தாறு பேர். பெரும்பாலும் சாப்ட்வேர் கம்பெனிக்காரர்கள், கழுத்தில் அடையாள அட்டையோடு வருவார்கள். ஒருங்கிணைப்பாளர் சுந்தரமூர்த்திக்கு அவர்கள் எல்லோருடைய பெயரும் தெரியும். பவுலினை மட்டும் "ஆபரேட்டரம்மா" என்பார்.

அடுத்த வருஷ டிப்ளமோவுக்குப் பன்னிரண்டே இடம். அதில் நுழைய ஜப்பானியப் பண்பாடு என்ற தாளின் செய்முறையில் நாற்பதுக்கு இருபதாவது வாங்கியாக வேண்டும். ஜப்பானியரின் அன்றாட வாழ்க்கையிலிருந்து ஒரு பொருளைக் கொண்டுவந்து விளக்கிச் சொல்ல வேண்டும். கிஷோர் என்ற எஞ்சினியர் காகிதக் கொக்கு மடித்தான். இன்னொருவர் கம்பெனிக்கு வந்த விருந்தாளியிடம் தேநீர்க் கிண்ணம் இரவல் வாங்கினார். இரவல் கொடுக்க பவுலினுக்கு யாரும் இல்லை. யுகாதா தைப்பது என்று முடிவு செய்தாள். கோடையில் ஆணும் பெண்ணும் உடுத்தும் பருத்தி அங்கி அது. நூலகப் புத்தகத்திலிருந்து ஜெராக்ஸ் எடுத்த வரைபடத்தை அண்ணன் முன்னால் விரித்தாள்.

ரெமிஜியஸ் எட்டாவதோடு கத்தரிக்கோல் பிடித்தவர். படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னா பவுலி இது, வளைவே இல்லியே. அக்குள் எங்க, தோள் சரிவு எங்க?"

"இல்லண்ணா. அவங்க எல்லாத்தையும் நேராத்தான் வெட்டுவாங்க. மொத்தம் எட்டுத் துண்டு. மிச்சத் துணியை வெட்டிப் போடாம உள்ள மடிச்சித் தைப்பாங்க. பிரிச்சா திரும்ப முழுத்துணி."

"அட! அப்ப கட்பீஸே விழாதா? புத்திசாலிங்கடி."

இரண்டு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் கடையின் பாதிக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். பதினாலரை அங்குல அகலத்துக்கு மெல்லிய நீல வாயில் பருத்தித் துணியைக் கிழித்தார்கள். அவர் மெஷினில் ஓட்ட, அவள் கையால் ஓரம் அடித்தாள். முன்பக்கம் திறந்தே இருப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. "இடுப்புல பட்டிய மட்டும் நம்பி நீ அத்தனை பேர் முன்னாடி நிக்கறதா? ஆகாது" என்று, வலப்பக்கம் மேலே வருகிறபடி மடித்து, உள்ளுக்குள் மூன்று பிரஸ் பட்டன் வைத்துத் தைத்துவிட்டார். இருபத்திரண்டு வருஷத் தொழிலில் பெண்கள் உடுப்புக்கு அவர் வைத்த முறை அது. அவருக்குச் சந்தேகமே வரவில்லை. அவளுக்கும் வரவில்லை.

1997 மார்ச் எட்டு, சனிக்கிழமை. சுடிதாருக்கு மேலேயே யுகாதாவை உடுத்திக்கொண்டு பவுலின் வகுப்பின் முன்னால் வந்து குனிந்து வணங்கினாள். சுந்தரமூர்த்தியோடு சேர்ந்து மதிப்பெண் போட வந்திருந்த ஜப்பானிய ஆசிரியை ஒகாமோட்டோவின் கை சட்டென்று வாய்க்குப் போனது.

சுந்தரமூர்த்தி பின்னால் சாய்ந்தார். பவுலினுக்கு மட்டும் உறைக்க வேண்டும் என்றோ என்னவோ, தமிழில் சொன்னார்:

"ஏம்மா, வலப்பக்கம் மேல வெச்சா அந்த ஊர்ல பொணம்னு அர்த்தம். செத்தவங்களுக்குத்தான் அப்படிக் கட்டுவாங்க. பொணமா வந்து நிக்கிறியே!"

தமிழ் தெரிந்தவர்கள் சிரித்தார்கள். தெரியாதவர்கள் விவரம் கேட்டுக்கொண்டு பிறகு சிரித்தார்கள். கிஷோர், "ஸாரி பவுலின்" என்று சொல்லிக்கொண்டே சிரித்தான்.

சுந்தரமூர்த்தி ஒரு தாளை நீட்டினார். "செய்முறையிலிருந்து விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துடு. பெயில்னு போட மாட்டேன். அடுத்த வருஷம் பாக்கலாம். போன் எடுக்கறதுக்கு இவ்வளவு படிச்சது போதாதா?"

காது மடல் எரிந்தது. அழுகை வரும் என்று பயந்தாள். அதற்குள் கோபம் முந்திக்கொண்டது. தாளை வாங்கவில்லை.

"கட்டுனது தப்பு சார். ஒத்துக்கறேன். விலக மாட்டேன். இன்னும் என் நேரம் முடியல."

"இதுக்கு மேல என்ன இருக்கு?"

"எட்டு நிமிஷம் இருக்கு சார்."

ஒகாமோட்டோவின் பக்கம் திரும்பினாள். தனக்குத் தெரிந்த ஜப்பான் மொழியில் ஆரம்பித்து, முட்டியபோது ஆங்கிலத்துக்குத் தாவிப் பேசினாள். என் அண்ணன் தையல்காரர். எங்கள் தொழிலில் ஆண் சட்டைக்கு இடப்பக்கம் மேலே, பெண் உடுப்புக்கு வலப்பக்கம் மேலே. கிஷோர் சட்டையைப் பாருங்கள், பின்வரிசையில் வைஷ்ணவி போட்டிருக்கும் சட்டையைப் பாருங்கள். சிரித்தவர்கள் எல்லோரும் குனிந்து தங்கள் பொத்தானைப் பார்த்தார்கள். "ஏ ஹௌது கணோ!" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டது ஒரு குரல்.

"உங்கள் ஊரில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு வேறு பக்கமா?" என்று கேட்டாள் பவுலின்.

"இல்லை. உயிரோடிருக்கும் எல்லோருக்கும் ஒரே பக்கம்" என்றார் ஒகாமோட்டோ.

"அப்படியென்றால் நாங்கள் ஆணையும் பெண்ணையும் பிரிக்கிற இடத்தில் நீங்கள் இருப்பவரையும் இறந்தவரையும் பிரிக்கிறீர்கள். புத்தகத்தில் நான் இதைப் படிக்கவில்லை. இப்போது இங்கே தப்புச் செய்துதான் தெரிந்துகொண்டேன்."

பையிலிருந்து அண்ணனின் சின்னக் கத்தரியை எடுத்தாள். பிரஸ் பட்டன் மூன்றையும் வெட்டி மேஜையில் வைத்தாள். வலப்பக்கத்தை உள்ளே தள்ளி, இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து, பட்டியை இறுக்கிக் கட்டினாள். ஊசித் துளைகள் துணியில் வரிசையாகத் தெரிந்தன.

ஒகாமோட்டோ எழுந்து வந்து கைப்பகுதியின் உள் ஓரத்தைப் புரட்டினார். "இதைத் தைத்தது யார்?"

"மெஷின் தையல் அண்ணன். கைத்தையல் நான்."

"பிரித்தால் எந்தத் துண்டு எங்கே போகும், தெரியுமா?"

பவுலின் அங்கியைக் கழற்றித் தரையில் விரித்தாள். முட்டி போட்டு உட்கார்ந்து, சாக்பீஸால் நீளத் துணி ஒன்றின் வடிவத்தைத் தரையில் கோடாகப் போட்டு, உடல் இரண்டு, கை இரண்டு, முன் மடிப்புப் பட்டை இரண்டு, கழுத்துப் பட்டை, அதற்கு மேலுறை என்று எட்டையும் அதன் அதன் இடத்தில் வரைந்தாள். துளி இடம் மிஞ்சவில்லை. எட்டு நிமிஷம் தாண்டிப் போனதை யாரும் சொல்லவில்லை, சுந்தரமூர்த்தியைத் தவிர.

"டைம் ஆச்சு" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நடந்ததைச் சொன்னாள். ரெமிஜியஸ் கையில் இருந்த டேப்பைக் கீழே போட்டுவிட்டார். "பொணத்துக்கா? ஐயோ, உனக்குப் போயி நானா அப்படி... திங்கக்கிழமையே வர்றேன். தப்பு என்னுதுன்னு அந்தாள்கிட்ட சொல்றேன்."

"நீ ஒண்ணும் வர வேணாம். சொல்ல வேண்டியதை நானே சொல்லிட்டேன்."

"அந்தத் துளையாவது அடைச்சித் தர்றேன், குடு."

"இருக்கட்டும்ணா. அதுக்கும் சேர்த்துத்தான் மார்க் கேட்டிருக்கேன்."

ஜூன் பதினாறாம் தேதி டிப்ளமோ பட்டியல் ஒட்டினார்கள். பண்பாடு செய்முறை: ஒகாமோட்டோ இருபதுக்குப் பதினெட்டு, சுந்தரமூர்த்தி இருபதுக்கு நான்கு. இருபத்திரண்டு. பன்னிரண்டு பெயரில் அவளுடையது பதினொன்றாவது. கிஷோர் கை கொடுத்தான். கொடுத்தவன் கையை அவள் கொஞ்சம் அழுத்தமாகவே குலுக்கினாள்.

டிப்ளமோவின் முதல் நாள் அவள் முன்வரிசையில் உட்கார்ந்தாள். சுந்தரமூர்த்தி உள்ளே வந்து கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன, ஆபரேட்டரம்மா வந்தாச்சா?"

"பவுலின் சார்" என்றாள் அவள். "வருகைப் பதிவுல பதினொண்ணாவது பேரு."

அவர் பேனாவைத் திறந்து பட்டியலில் விரலை ஓட்டினார். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றாவது வரியில் விரல் நின்றது.

"பவுலின்" என்றார்.

"ஹை" என்று ஜப்பான் மொழியில் வருகை சொன்னாள், கடைசி பெஞ்சுக்கும் கேட்கிற மாதிரி.