கடைசியாய் வந்த முகம்

2009இல் அப்பா லண்டனில் காலமானபோது அவருடைய ஒரே தங்கை, எங்கள் மாமி, யாழ்ப்பாணத்தில் இருந்தார். விசா எடுத்து வர நாளும் இல்லை, வழியும் இல்லை. தொலைபேசியில் அழுதுகொண்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பெட்டியை எடுக்கிறதுக்கு முதல் தன் அண்ணையின் முகத்தை ஒருக்கால் பார்க்க வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது சின்ன விஷயம் அல்ல. முகம் பார்க்கக் கிடைக்காதவர்கள் அதை ஆயுசுக்கும் சொல்லிச் சொல்லி அழுவார்கள்.

அதற்கென்ன, ஊர்ச் சங்கத்தின் இணையத்தளத்தில் படத்தைப் போடுகிறேன், பக்கத்து நெற் கபேக்குப் போய்ப் பாருங்கள் என்று என் அண்ணை சொல்லிவிட்டார். அவர் ஜெர்மனியில் இருந்து லண்டன் குட்மேய்ஸுக்கு வந்து, வீடுகளுக்குக் கண்ணாடி ஜன்னல் போடும் தொழில் செய்தவர். எங்கள் ஊர்ச் சங்கத்துக்கு இணையத்தளம் வேண்டும் என்றதும் தானே படித்துப் படித்து அதைச் செய்தார். அந்தப் பெருமை அவருக்கு நிறைய இருந்தது. எனக்கும் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

சங்கத்தின் தளம் எப்படி இருக்கும் என்று நம்மவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் முதலில் தலைவர் வருவார். பிறகு செயலாளர், பொருளாளர், உப தலைவர், உப செயலாளர், போஷகர்கள். தேர்தலில் சண்டை பிடித்து வந்தவர்கள், படம் மேலே இல்லாவிட்டால் கூட்டத்துக்கே வரமாட்டார்கள். மரண அறிவித்தல் என்றால் அதற்குக் கீழே ஆடுகிற குத்துவிளக்கு ஒன்று, சோகமான வீணை இசை ஒன்று. அதற்கும் கீழேதான் செத்தவர்.

பார்வைக்கு வைத்த நாள் காலையில் அண்ணை அப்பாவைப் படம் எடுத்து ஏற்றினார். ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டில் திறந்து பார்த்தேன். கண் மூடித் திறக்க முதல் வந்துவிட்டது. அந்தப் பக்கங்களை நான் தினமும் பார்ப்பவள். விளக்கும் வீணையும் தலைவரும் ஏற்கெனவே என் கணினிக்குள் குடியிருந்ததால்தான் அவ்வளவு வேகம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. நிம்மதியாய் அழுதுவிட்டு மண்டபத்துக்குப் போனேன். போனை நிறுத்தி வைத்தோம்.

எல்லாம் முடிந்து வந்து மாமியை அழைத்தோம். நெற் கபேயில் விடியற்காலை தொடக்கம் இருந்தாராம். கடைக்காரர் திறந்து கொடுத்தாராம். படங்கள் மேலே இருந்து கொஞ்சம் கொஞ்சமாய் இறங்கினவாம். பாதியில் கரண்ட் போய், வந்து, திரும்ப முதலில் இருந்து இறங்கி, திரும்பப் போய்விட்டதாம்.

"எல்லாரையும் கண்டனான் பிள்ளை," என்றார் மாமி. "தலைவரைக் கண்டனான், மற்ற ஆக்களையும் கண்டனான். அண்ணையைத்தான் காணேல்லை."

அவர் குறையாய்ச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அண்ணை போனை வைத்துவிட்டு, யாழ்ப்பாணத்து லைன் அப்படித்தான், நாங்கள் என்ன செய்ய ஏலும் என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

இரண்டு மூன்று நாளில் வேலைக்குத் திரும்பினேன். பக்கத்து மேசையில் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். துக்கம் விசாரித்தவரிடம் இந்தக் கதையையும் சொன்னேன். ஒரு பக்கம் எவ்வளவு வேகமாய்த் திறக்கிறது என்று பார்த்துச் சொல்லும் தளங்கள் இருக்கின்றன, இலவசம்தான் என்றார். மெதுவான இணைப்பில், முதல் தடவை திறப்பவருக்கு எப்படித் தெரியும் என்றுகூடக் காட்டுமாம். முகவரியைக் கொடுத்துவிட்டு அவர் தேநீர் போடப் போனார். நான் அப்பாவின் பக்கத்தைக் கொடுத்துப் பார்த்தேன்.

வெகு நேரம் எடுத்தது. பிறகு சிவப்பில் ஒரு எஃப் வந்தது, பரீட்சையில் பெயில் போட்ட மாதிரி. அதன் கீழே படங்கள் வந்து சேர்ந்த ஒழுங்கு, ஒவ்வொன்றுக்கும் அது எடுத்த நேரத்தின் நீளத்தில் ஒரு கோடாக. தலைவரின் கோடு திரையின் பாதிக்கு நீண்டது. கமராவில் எடுத்தபடியே, ஒரு சுவர் முழுக்க ஒட்டக்கூடிய அளவில் அவரை ஏற்றியிருந்தார் அண்ணை. அடுத்த கோடு செயலாளர். அடுத்தது பொருளாளர், அது அண்ணையேதான். பிறகு மற்றவர்கள், விளக்கு, வீணை. எல்லாவற்றுக்கும் கீழே, அடித்தட்டில், அப்பா.

எனக்கு முகம் சுட்டது. தேநீரோடு வந்தவர் பார்த்துவிடுவாரோ என்று அவசரமாய் மூடினேன். லைனில் பிழை இல்லை. செத்த வீட்டில் பெட்டிக்கு முன்னால் வரிசையாய் நாங்கள்தான் மறைத்துக்கொண்டு நின்றிருக்கிறோம். மாமியை எட்டிப் பார்க்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை குட்மேய்ஸுக்குப் போய் அண்ணைக்கு அதைக் காட்டினேன். இலவசமாய்க் கிடைக்கிற சாமான் சொல்வதையெல்லாம் நம்பாதே என்று சீறினார். கோடுகளை ஒவ்வொன்றாய்க் காட்டினேன். தன் கோட்டைக் கண்டதும் அவர் குரல் இறங்கிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு, தலைவரை தபால் முத்திரை அளவுக்குச் சுருக்கிக் கடைசிக்குத் தள்ளினார். மற்றவர்களையும் அப்படியே. வீணையை எடுத்தார். விளக்குக்கு மட்டும் மல்லுக்கட்டினார், விளக்கில்லாமல் எப்படி என்று. ஆடாத சின்ன விளக்கு ஒன்று போதும் என்று ஒப்புக்கொண்டார். அப்பாவை முதலில் வைத்தோம்.

ஒவ்வொரு மாற்றத்துக்கும் திரும்பச் சோதித்தோம். எஃப் டி ஆனது, டி சி ஆனது. பி வந்தபோது அண்ணை கையைத் தட்டினார், நான் சிரித்தேன். உடனே இருவரும் நிறுத்தினோம். அப்பாவுக்கு இன்னும் எட்டாம் நாள் சடங்குகூட முடியவில்லை. எதற்குக் கை தட்டுகிறோம் என்று இருந்தது. வெட்கமாய் இருந்தது.

அந்தக் கையோடேயே மாமியை அழைத்தோம், ஸ்பீக்கரில். நான்தான் ஆசையாய்ச் சொன்னேன். இப்போது கெதியாய் வரும், முதலில் அப்பாவின் முகம்தான் வரும், நாளைக்கே போய்ப் பாருங்கள் மாமி என்றேன்.

மாமி அதை விட்டுவிட்டு, தன் அண்ணைக்கு என்ன உடுப்புப் போட்டு விட்டீர்கள் என்று கேட்டார். கோட் சூட் என்றேன். அவர் கலியாணங்களுக்குப் போடுகிற கறுப்பு.

"அப்பிடியே?" என்றார் மாமி. "நான் இஞ்ச எல்லாருக்கும் வேட்டி சால்வை எண்டெல்லோ சொல்லிப்போட்டன்."

அண்ணை என்னைப் பார்த்தார். மாமி தயங்கித் தயங்கிச் சொன்னார். அன்றைக்கு அவர் கடையில் இருந்து வரும்போது வீடு நிறையச் சனம் இருந்ததாம். முகம் கண்டாயோ என்று கேட்டார்களாம். காணவில்லை என்றால், லண்டனில் பிள்ளைகள் இருந்தும் ஒரு படம் காட்டத் தெரியவில்லையோ என்று கதைப்பார்கள். அதனால் கண்டேன் என்று சொல்லிவிட்டாராம். வேட்டி கட்டி, திருநீறு பூசி, நித்திரை மாதிரி இருந்தார் என்று.

"அந்தப் படத்தை எடுத்துவிடுறியே பிள்ளை? இப்ப கெதியா வருதெண்டால், இஞ்ச வாற சனமும் பாத்துப்போடுவினம்."

ஓம் மாமி என்றேன். அண்ணை எழுந்து போய்க் கணினி முன்னால் இருந்து, அப்பாவின் படத்தை அழித்தார்.