எந்தப் பிணைச்சலும் எந்த வானுக்கும்

பெப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், கனடாவில் மொன்றியலை அடுத்த லவாலில் இருக்கும் ஒரு சின்னத் தொழிற்சாலையின் உதிரிப்பாகப் பகுதியில் தொலைபேசி அடித்தது. எடுத்தவர் ஜெயமதி. மறுமுனையில் மதாம் துப்பே என்ற பெண். மொன்றியலிலிருந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் வடக்கே, சகுனேயில் இருப்பவர்.

அந்தத் தொழிற்சாலையில் வான் வண்டிகளுக்கு றாம்ப் பூட்டுவார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர் வானுக்குள் ஏறி இறங்குவதற்கான சரிவுத் தட்டுத்தான் றாம்ப். வானின் பக்கக் கதவடியில் மடிந்து கிடக்கும். தேவைப்படும்போது பிணைச்சலில், அதாவது கீலில், திரும்பி வெளியே விரியும். மதாம் துப்பேயின் வானில் உடைந்தது அந்தப் பிணைச்சல். புதிதாக ஒன்றை ஜெயமதிதான் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்.

"நீங்கள் அனுப்பினது என்ர வானுக்குரியதுதானா?" என்று மதாம் துப்பே பிரெஞ்சில் கேட்டார்.

"ஓம் மதாம், அதே மொடல்தான்."

"அப்ப ஏன் பூட்ட முடியேல்லை? கராஜ்காரர் இரண்டு தரம் பார்த்திட்டார். துளைகள் பொருந்தேல்லையாம். நான் வீட்டை விட்டு வெளிக்கிட ஏலாமல் பதினொரு நாள்."

அவர் கோபமாகப் பேசவில்லை. பாடசாலையில் சங்கீதம் படிப்பிப்பவர், பதினொரு நாள் பாடம் தவறிவிட்டது என்று மட்டும் சொன்னார். ஜெயமதிக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு வைத்துவிட மனம் வரவில்லை.

"ஏனெண்டு எனக்குத் தெரியாது மதாம். தெரிஞ்சுகொண்டு நானே எடுக்கிறன்."

ஜெயமதி மட்டக்களப்பைச் சேர்ந்தவர். மொன்றியலுக்கு வந்து பதினேழு வருடம். முதலில் அலுவலகங்கள் துப்புரவு செய்தார், பிறகு ஒரு கார்டெரியின், குழந்தைகள் காப்பகத்தின், சமையலறையில் நின்றார். பிரெஞ்சு வகுப்பை ஒருநாளும் தவறவிடவில்லை. பியர்பொன்ட்ஸ் பகுதியில் இருக்கும் வீட்டிலிருந்து பஸ், மெற்றோ, திரும்பவும் பஸ் என்று ஒன்றே முக்கால் மணி நேரம் பயணம் செய்து இந்த வேலைக்கு வருகிறார். பொருளைப் பெட்டியில் வைத்து, விலாசம் ஒட்டி அனுப்புவதுதான் வேலை. தனக்கு அதைவிடக் கூட முடியும் என்பதில் அவருக்கு ஒருபோதும் சந்தேகம் இருந்ததில்லை. அதை வாய்விட்டுச் சொல்லும் பழக்கமும் இருந்தது.

அன்று மத்தியானம் களஞ்சியத் தட்டிலிருந்து முப்பது பிணைச்சல்களை எடுத்து மேசையில் பரப்பினார். வேர்னியர் அளவுகோல் ஒன்றை இரவல் வாங்கினார். ஒவ்வொன்றிலும் துளைக்குத் துளை இடைவெளியை அளந்து, ஒரு காட்போட் பெட்டியின் முதுகில் எழுதினார். முப்பதில் ஒன்றுக்கொன்று சரியாக ஒத்துப்போனவை இரண்டே இரண்டு. சிலவற்றில் வித்தியாசம் இரண்டு மில்லிமீற்றருக்குக் கிட்ட.

அந்தக் காட்போட்டைத் தூக்கிக்கொண்டு இரவிச்சந்திரனிடம் போனார்.

இரவிச்சந்திரன் யாழ்ப்பாணத்துக்காரர். இந்தத் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம் றாம்ப் பூட்டுகிறவர். காட்போட்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"தங்கச்சி, வான் ஒண்டொண்டும் ஒவ்வொரு மாதிரி வரும். அடித்தகட்டிலை ஒண்டு கொஞ்சம் உயரம், ஒண்டு கொஞ்சம் பதிவு. நான் அதுக்குத் தக்கபடி துளையை அராவிப் பூட்டுறன். நான் பூட்டின றாம்ப் ஒண்டாவது வாசலாலை வெளியிலை போகேக்கை சத்தம் போட்டதைக் கேட்டிருக்கிறீரோ?"

"இல்லை அண்ணை. இங்கை போடாது. அங்கை உடைஞ்சால், பூட்டுறதுக்கு நீங்கள் அங்கை இல்லையே."

இரவிச்சந்திரன் சிரிப்பை நிறுத்தினார். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, "அந்த மனிசியின்ர நம்பரைத் தாரும்" என்றார். கராஜ்காரரிடம் கதைத்து, படங்களும் அளவுகளும் எடுப்பித்து, அன்று பின்னேரமே அந்த ஒரு வானுக்கென்று ஒரு பிணைச்சல் செய்தார். பதினான்காம் நாள் மதாம் துப்பே பாடசாலைக்குப் போனார்.

இரவிச்சந்திரனுக்கு அதோடு விஷயம் முடிந்துவிட்டது. ஜெயமதிக்கு முடியவில்லை. கியூபெக் முழுக்க இவர்களுடைய றாம்ப் பூட்டிய வான்கள் ஆயிரத்துக்கு மேல் ஓடுகின்றன. ஒவ்வொன்றும் இன்னொரு மதாம் துப்பேயின் வான் என்பதை அந்தக் காட்போட் அவருக்குச் சொல்லிவிட்டது.

அதற்கு முன்னைய குளிர்காலத்தில் அவர் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் அளவெடுத்தல் பாடம் படித்திருந்தார். அங்கே ஆசிரியர் சொன்ன ஒரு விஷயம் அவரை விட்டுப் போகவே இல்லை. கார்கள் வந்த புதிதில் ஒவ்வொரு காரையும் கையால் அராவித்தான் பூட்டினார்கள். ஒரு காரின் பாகம் அதே கொம்பனியின் அடுத்த காருக்குப் பொருந்தாது. டெட்றொயிற்றில் கடிலாக் கார் செய்த ஹென்றி லேலண்ட் என்பவர் அதை ஏற்கவில்லை. அவர் துப்பாக்கித் தொழிற்சாலைகளில் வேலை பழகியவர். துப்பாக்கியின் பாகங்கள் ஒன்றுக்கு ஒன்று மாறிப் பொருந்தும்போது காரின் பாகங்கள் ஏன் பொருந்தக்கூடாது என்பது அவருடைய கேள்வி. எல்லாப் பாகத்துக்கும் அளவுக் கருவி வைத்தார். அளவு தவறியது எதுவும் காருக்குள் போகவில்லை.

1908இல் இங்கிலாந்தின் மோட்டார் கழகம் அதைச் சோதித்துப் பார்த்தது. மூன்று கடிலாக் கார்களை ஆணி ஆணியாகக் கழற்றி, பாகங்களை ஒரே குவியலாகக் கலந்தார்கள். குவியலிலிருந்து சில பாகங்களை எடுத்துவிட்டு, விற்பனைக்கு இருந்த உதிரிப்பாகங்களைப் போட்டார்கள். பிறகு ஸ்பானர்களையும் திருகாணி முடுக்கிகளையும் மட்டும் வைத்துத் திரும்பப் பூட்டச் சொன்னார்கள். அரம் தொடக்கூடாது. பூட்டி முடித்தபோது ஒரு காரிலேயே பல நிறம். ஆனால் மூன்றும் கிளம்பி, ஐந்நூறு மைல் ஓடின. சில வருடங்களில் ஃபோர்ட் தன்னுடைய நகரும் வரிசையில் கார்களைப் பூட்டத் தொடங்கியதும் இதே அடிப்படையில்தான். ஒவ்வொரு பாகத்தையும் நின்று அராவிக்கொண்டிருந்தால் வரிசை எப்படி நகரும்?

ஜெயமதி இதைத் தொழிற்சாலையின் உரிமையாளர் மதாம் பெலான்ஜேக்கு அப்படியே சொன்னார். பக்கத்தில் காட்போட்டையும் வைத்தார். மதாம் பெலான்ஜே எண்களை நெடுநேரம் பார்த்தார்.

"நாங்கள் வருசத்துக்கு நூற்றைம்பது றாம்ப் செய்யிற ஆக்கள், ஜெயமதி. கார்க் கொம்பனி இல்லை."

"நூற்றைம்பதெண்டால் இன்னும் சுகம் மதாம். எனக்கு ஆறு கிழமை தாங்கோ. பெட்டி வேலையைக் காலமையிலை முடிச்சிட்டுப் பின்னேரம் இதைச் செய்யிறன்."

"இரவி ஒத்துக்கொள்ளவேணும். அவர் இல்லாமல் இது நடக்காது."

இரவி ஒத்துக்கொள்ளவில்லை. பத்து நாள் இரண்டு பேருக்கும் ஒரே இழுபறி. எல்லாத் துளையையும் ஒரே இடத்தில் போட்டால் வானில் தட்டு கோணலாக நிற்கும் என்றார் அவர். ஜெயமதி இரண்டு வான்களுக்குக் கீழே தானே படுத்துப் பார்த்தார். இரவிச்சந்திரன் சொன்னது சரி. அடித்தகடு வானுக்கு வான் வேறுதான்.

"நீங்கள் சொன்னது உண்மை அண்ணை. நான் நினைச்ச மாதிரிச் செய்தால் பிழைக்கும்" என்று போய்ச் சொன்னார்.

அவர் அதை எதிர்பார்க்கவில்லை போலும். அடுத்த நாள் காலை ஜெயமதி பஸ்ஸால் இறங்கி உள்ளே வந்தபோது, இரவிச்சந்திரன் நிலத்தில் சோக்கால் கீறிக்கொண்டிருந்தார்.

"இஞ்சை வாரும். வான் பக்கம் அசையவேணும். றாம்ப் பக்கம் அசையக்கூடாது. விளங்குதோ?"

வானோடு சேரும் தாங்கியில் வட்டத் துளைக்குப் பதிலாக நீளத் துளைகள். வானுக்கு வான் வரும் வித்தியாசத்தை எல்லாம் அந்த நீளத் துளை வாங்கிக்கொள்ளும். தாங்கியை அங்கே நகர்த்தி ஒருமுறை இறுக்கிவிட்டால், அதற்கு மேலே வரும் பிணைச்சல், தட்டு, தட்டை மடக்கிப் பிடிக்கும் பூட்டு எல்லாம் ஒரே அளவில் இருக்கலாம். ஜெயமதி அந்தச் சோக்குக் கோடுகளைச் சுற்றி இரண்டு தரம் நடந்தார்.

"இருபத்திரண்டு வருசமாய் இதை எங்கை அண்ணை வைச்சிருந்தனீங்கள்?"

"ஒருத்தரும் கேக்கேல்லை" என்றார் இரவிச்சந்திரன்.

அதன்பின் வேலை ஓடியது. ஜெயமதி ஒவ்வொரு துளைக்கும் இரண்டு உருக்கு முளைகள் செய்வித்தார். ஒன்று துளைக்குள் போகவேண்டும், மற்றது போகக்கூடாது. இரண்டும் சரியென்றால்தான் பாகம் களஞ்சியத் தட்டுக்குப் போகும். முதல் கிழமையில் பாதிக்குப் பாதி திரும்பி வந்தது. வெட்டும் பகுதியில் இருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஜெயமதி ஒவ்வொரு பாகத்தையும் அவர்களிடமே கொண்டுபோய், முளையை அவர்கள் கையிலேயே கொடுத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார். நாலாம் கிழமையில் திரும்பி வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான்.

ஜூன் மாதம் ஒரு பெரிய வாய்ப்பு வந்தது. கிழக்கே ஏழு ஊர்கள் சேர்ந்து, மாற்றுத்திறனாளிகளுக்கான போக்குவரத்துக்கு நாற்பது வான் எடுக்க இருந்தார்கள். பார்வையிட இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் பொறியியலாளர். மற்றவர் லாவேர்தியூ என்பவர், தானே சக்கர நாற்காலியில் இருப்பவர்.

"அவையளுக்கு முன்னாலை மூண்டு றாம்பைக் கழட்டி, கலந்து, திரும்பப் பூட்டிக் காட்டுவம்" என்றார் ஜெயமதி.

மதாம் பெலான்ஜேயின் முகம் மாறியது. "பிழைச்சால்?"

"பிழைக்கிறதெண்டால் இங்கை, எங்கட கண்ணுக்கு முன்னாலை பிழைக்கட்டும் மதாம். ஊரிலை போய்ப் பிழைக்கிறதிலும் அது நல்லம். ஆனால் பிழைக்காது."

அவர்கள் வந்த அன்று காலை மூன்று வான்கள் வரிசையாக நின்றன. மூன்று றாம்ப்களையும் கழற்றி, பாகங்களை ஒரு பெரிய மேசையில் கொட்டினார்கள். லாவேர்தியூ தானே இரண்டு கையாலும் அவற்றைக் கலந்தார். "நல்லாக் கலவுங்கோ" என்று ஜெயமதி பிரெஞ்சில் சொல்ல, அவர் சிரித்துக்கொண்டு இன்னும் கலந்தார். இரவிச்சந்திரன் தன்னுடைய அரங்களை எல்லாம் ஒரு பெட்டியில் போட்டு, பொறியியலாளரின் கையில் கொடுத்துவிட்டு ஸ்பானரை எடுத்தார்.

முதல் வான் பதினெட்டு நிமிடத்தில் முடிந்தது. இரண்டாவது பதினாறு. மூன்றாவதில் ஒரு போல்ற் உள்ளே போகவில்லை.

இரவிச்சந்திரன் திருப்பிப் பார்த்தார். அசைத்துப் பார்த்தார். போகவில்லை. மதாம் பெலான்ஜே சுவரோடு சாய்ந்துகொண்டார். தட்டினால் போகும் என்பது இரவிச்சந்திரனுக்குத் தெரியும், சுத்தியலும் பக்கத்திலேயே கிடந்தது. அவர் ஜெயமதியைப் பார்த்தார்.

"கழட்டுங்கோ அண்ணை."

ஜெயமதி அந்தப் பிணைச்சலை வாங்கி, இரண்டு முளைகளையும் எடுத்து, வந்தவர்களுக்கு முன்னால் வைத்துப் பார்த்தார். போகவேண்டிய முளை போகவில்லை. "இது பழைய சரக்கு. களஞ்சியத் தட்டிலையிருந்து எல்லாம் எடுத்தாச்சு எண்டு நினைச்சன். ஒண்டு தப்பியிருக்கு, தட்டி இறக்கிப் பூட்டியிருக்கினம். என்ர பிழை" என்றார். பிணைச்சலில் சிவப்பு மையால் பெரிய குறுக்குக் கோடு போட்டார். பிறகு லாவேர்தியூவைப் பார்த்து, "மிஸியூ, அந்தத் தட்டிலை நாற்பது கிடக்கு. நீங்கள் விரும்பினதை எடுத்துத் தாங்கோ" என்றார்.

லாவேர்தியூ நாற்காலியை உருட்டிப் போய், கடைசி வரிசையின் அடியிலிருந்து ஒன்றை உருவினார். இரவிச்சந்திரன் வைத்தார். நாலு போல்ற்றும் விரலாலேயே உள்ளே இறங்கின.

தட்டு விரிந்ததும் லாவேர்தியூ ஒருவரையும் கேட்காமல் அதில் ஏறி வானுக்குள் போனார். உள்ளே நின்று திரும்பிப் பார்த்தார். "எங்களுக்கு மற்றக் கொம்பனி ஒண்டும் தன்ர பிழையைக் காட்டேல்லை" என்றார். "பிழையை ஒரு நிமிசத்திலை பிடிக்கிற இடத்திலை வாங்கத்தான் எனக்கு விருப்பம்."

மூன்று கிழமையில் நாற்பது வானும் உறுதியாயின. அன்று பின்னேரம் ஜெயமதி பஸ்ஸில் போகவில்லை. கணவர் ஞானேந்திரன் பியர்பொன்ட்ஸிலிருந்து கார் எடுத்து வந்திருந்தார். வழி முழுக்க ஜெயமதி கதைத்துக்கொண்டே வந்தார். வீட்டு வாசலில் கார் நின்ற பிறகும் பத்து நிமிடம் இறங்கவில்லை.

இப்போது தொழிற்சாலையில் அளவு பார்ப்பதற்கென்று ஒரு தனி அறை இருக்கிறது. அதற்குப் பொறுப்பு ஜெயமதி. முளைகளையும் அளவுத் தகடுகளையும் இரவிச்சந்திரனே செய்கிறார். அவருடைய கைக்கு இருக்கும் நுணுக்கம் வேறு ஒருவருக்கும் இல்லை என்று ஜெயமதிதான் கேட்டு அந்த வேலைக்கு எடுத்தார். ஒரு வானுக்கு முன்பு ஒன்றரை நாள் போனது, இப்போது ஒரே நாளில் இரண்டு வான் வெளியே போகிறது. புது அளவில் பூட்டிய வான்களிலிருந்து, உதிரிப்பாகம் பொருந்தவில்லை என்று இந்த வருடம் ஒரு தொலைபேசி அழைப்பும் வரவில்லை.

போன நவம்பரில் ஜெயமதி தன் அறை மூலையில் ஒரு பெரிய பிளாஸ்ரிக் தொட்டியை வைத்து, தண்ணீரில் தெரு உப்பைக் கரைத்து, நாலு வகை உருக்கில் செய்த றாம்ப் பூட்டுகளைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டார். பனிகாலத்தில் தெருவில் போடும் உப்பு எந்த உருக்கை முதலில் தின்கிறது என்று பார்க்கவேண்டுமாம்.

உள்ளே வந்த இரவிச்சந்திரன் தொட்டியை எட்டிப் பார்த்தார். "என்ன தங்கச்சி, கருவாடு போடுறீரோ?"

"ஏப்ரல் மட்டும் பொறுங்கோ அண்ணை" என்றார் ஜெயமதி, ஒரு கயிற்றைத் தூக்கி முதல் பூட்டைத் துடைத்தபடி. "எதை வாங்கிறது, எதை விடுறதெண்டு அப்ப சொல்லுறன்."