கேட்டால் இரண்டு தரம் தட்டுங்கோ

இதை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். என் சொந்தத் தங்கையே நம்பவில்லை. "அக்கா, உங்களுக்குப் பிள்ளை பெத்த களைப்பு" என்று சிரித்தாள். சிரிக்கட்டும். அந்தக் கதவுக் கைபிடியைப் பிடித்தது அவளுடைய கை அல்ல, என்னுடைய கை.

1996, பெப்ரவரி மாதம். நானும் கணவர் வின்சன்றும் டோர்செட் பார்க்கில் ஒரு அப்பாட்மென்ற் கட்டடத்தில், பதினோராம் மாடியில் இருந்தோம். மகள் நிலாணி கைக்குழந்தை. அந்தக் கட்டடத்தில் தீ மணி அடிக்காத கிழமை இல்லை. யாரோ எதையோ கருகவிட்டிருப்பார்கள். ஆனால் லிஃப்ற் நின்றுவிடும். பிள்ளையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு அத்தனை படியும் இறங்கிப் போய்ப் பனிக்குள் நிற்க வேண்டும். ஒருநாள் உண்மையாகவே எட்டாம் மாடியில் தீப்பிடித்தது. படிக்கட்டு முழுக்கப் புகை. பிள்ளை என் தோளில் கிடந்து மூச்சுக்குத் திணறியது.

அன்றைக்கே வின்சன்றிடம் சொல்லிவிட்டேன்.

"இனி இஞ்ச இருக்கேலாது. நிலத்தோட ஒரு வீடு பாருங்கோ."

அவர் வேலை செய்கிற இடத்தில் சண்முகநாதன் அண்ணை என்று ஒருவர் இருந்தார். ஸ்காபரோவில் சொந்த வீடு. அண்ணையும் மனைவி தவமணி அக்காவும் மேலே இருந்தார்கள். நிலத்துக்குக் கீழே இருந்த பேஸ்மன்ற் வாடகைக்கு இருந்தது. வின்சன்ற் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு அறை, சமைக்கத் தனிக் குசினி, பக்கவாசல். எல்லாம் நல்லது என்றார். நான் ஒன்றுதான் கேட்டேன்.

"புகை அலாம் இருக்கோ?"

"இல்லை. நாங்கள் வாங்கிப் பூட்டுவம்."

"அதைப் பூட்டிப் பாத்திட்டுத்தான் சாமான் ஏத்திறது."

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாங்கள் மூன்று பேரும் அங்கே போனோம். அண்ணையும் அக்காவும் றிச்மண்ட் ஹில் கோயிலுக்குப் போயிருந்தார்கள். பக்கவாசல் திறப்பை முதல் நாளே தந்திருந்தார்கள். வீட்டில் ஆளில்லை. காலையில் தொடங்கிய பனி விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது.

படி இறங்கினால் முதலில் குசினி. அதைத் தாண்டி ஒடுங்கிய ஒரு நடை. நடையின் இடது பக்கத்தில் முன் அறை. நடை முடிகிற இடத்தில் பின் அறை. அந்தப் பக்கம் லைற் போடாததால் ஒரே இருட்டாக இருந்தது. புதுப் பெயின்ற் மணம். அதற்குள் இன்னொரு மணமும் இருந்தது. என்னவென்று எனக்குப் பிடிபடவில்லை.

வின்சன்ற் கதிரையில் ஏறி நின்று, அலாரப் பெட்டிக்குள் இருந்த தாளை உரத்து வாசித்தார்.

"குசினிக்குக் கிட்டப் பூட்டக் கூடாதாம். மூலைக்குள்ளயும் கூடாதாம், புகை அதுக்குள்ள போகாதாம். படுக்கிற அறையளுக்கு வெளியில, சீலிங்கில."

நடையின் நடுவில், முன் அறை வாசலுக்கு நேரே பூட்டினார். பற்றரி போட்டார். சிவப்பு லைற் ஒன்று மினுங்கியது.

"நீர் பிள்ளையோட அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்தும். நான் பொத்தானை அமத்திறன். சத்தம் கேட்டால் ரெண்டு தரம் தட்டும். நித்திரையில கேக்காட்டிப் பூட்டியும் பிரயோசனமில்லை."

முன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

பீப்... பீப்... பீப்...

காதைக் கிழித்தது. நிலாணி திடுக்கிட்டு அழுதாள். நான் சிரித்துக்கொண்டே கதவில் தட்டினேன். டொக், டொக்.

இரண்டாவது அலாரத்தைப் படியடியில் பூட்ட வேண்டும். ஆனால் அந்தப் பெட்டியில் இருந்த ஸ்குரூ பிடிக்கவில்லை. திரும்பத் திரும்பக் கழன்று விழுந்தது.

"பிளாசாக் கடையில வேற வாங்கியாறன். பின் அறையை வந்து பாப்பம்."

கார் புறப்படுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை. பனி விழுகிற நாளில் பேஸ்மன்றுக்குள் இருந்து பாருங்கள். உலகத்தில் ஒரு சத்தமும் இருக்காது.

காரில் இருந்து கழற்றிக் கொண்டுவந்த கார்ச் சீற்றிலேயே நிலாணி திரும்ப நித்திரையாகிவிட்டாள். அவளை முன் அறையில் வைத்துவிட்டு நடைக்கு வந்தேன். ஐந்து மணிதான் இருக்கும். ஆனால் கூரையோடு ஒட்டி இருந்த சின்ன ஜன்னல்கள் பனி மூடிக் கறுத்துவிட்டன.

நடையின் கடைசி லைற்றைப் போட்டேன்.

பின் அறைக் கதவு தெரிந்தது. வெள்ளைக் கதவு. பித்தளைக் குமிழ்க் கைபிடி. சாத்தியிருந்தது.

அந்த நேரம் தலைக்கு மேலே...

பீப்.

ஒரே ஒரு தரம். நான் தொடவே இல்லை.

பற்றரி சரியாக இருக்கவில்லையாக்கும் என்று நினைத்தேன். கதிரையில் ஏறினேன். பற்றரியை அழுத்தி வைத்துவிட்டு, சரியா என்று பார்க்கப் பொத்தானை அமத்தினேன்.

பீப்... பீப்... பீப்...

கையை எடுத்தேன். சத்தம் நின்றது.

டொக், டொக்.

என் கை பொத்தானுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டது.

முன் அறையை எட்டிப் பார்த்தேன். பிள்ளை அசையாமல் நித்திரை. வீட்டைச் சூடாக்கும் குழாய் விரிந்து சத்தம் போட்டிருக்கும். பனிக்காலத்தில் எல்லா வீட்டிலும் இப்படிச் சத்தம் வரும். எனக்கு நானே அப்படிச் சொல்லிக்கொண்டேன்.

திரும்ப அமத்தினேன். ஏன் அமத்தினேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

பீப்... பீப்... பீப்...

டொக், டொக்.

பின் அறைக்குள் இருந்துதான். சந்தேகமே இல்லை. ஆனால் ஆள் நின்று தட்டுகிற உயரத்தில் இல்லை. கதவின் அடியில். தரையோடு கிடந்து தட்டுவது போல...

"ஆரது?"

கதிரையில் இருந்து இறங்கினேன்.

"வின்சன்ற்... நீங்களோ?"

வின்சன்ற் எப்படி அங்கே வர முடியும்? வாசல் ஒன்றுதான். அது எனக்குப் பின்னால் இருந்தது.

அப்போதுதான் அந்த மணம் என்னவென்று பிடிபட்டது. கம்பளி. எரிந்து, தண்ணீர் ஊற்றி அணைத்த கம்பளி.

டொக், டொக்.

இந்த முறை நான் பொத்தானைத் தொடவில்லை.

டொக், டொக். டொக், டொக். டொக் டொக் டொக்...

பிறகு அது விரலால் தட்டுகிற சத்தமாக இல்லை. உள்ளங்கையால் அடிக்கிற சத்தம்.

"அக்கா..."

இளம் பெடியனின் குரல். தொண்டை அடைத்த குரல்.

"கேக்குது அக்கா... கேக்குது..."

அந்த நேரம் எனக்குப் பேய் என்ற நினைப்பே வரவில்லை. யாரோ உள்ளே அகப்பட்டுவிட்டான் என்றுதான் ஓடினேன். கதவடிக்குப் போய்க் கைபிடியைப் பிடித்தேன்.

ஐயோ!

அடுப்பில் கிடந்த இரும்பு போலச் சுட்டது. கையை இழுத்துக்கொண்டேன்.

"திறவுங்கோ அக்கா..."

கதவின் கீழ் இடுக்கில் வெளிச்சம் இல்லை. புகையும் இல்லை. ஆனால் யாரோ இழுத்து இழுத்து மூச்சு விடுவது மட்டும் கேட்டது.

"அக்கா... திறவுங்கோ..."

திரும்பிப் பார்த்தேன். முன் அறையில் என் பிள்ளை.

திரும்பக் கதவைப் பார்த்தேன்.

கைபிடி மெதுவாகத் திரும்பியது.

அரைவாசி மட்டும்... பிறகு வழுக்கிப் பழையபடி வந்தது.

திரும்பவும் அரைவாசி...

நான் ஓடினேன்.

பிள்ளையைக் கார்ச் சீற்றோடு தூக்கினேன். என் தலைக்கு மேலே அலாரம் தானாக அலறத் தொடங்கியது. படியில் தடக்கினேன். முழங்கால் அடிபட்டது. எழும்பினேன். கதவைத் தள்ளினேன்.

வெளியே பனி.

சப்பாத்தும் இல்லை, ஜக்கெற்றும் இல்லை. வீட்டு முன்பாதையில் காலுறையோடு நின்றேன். பிள்ளை வீரிட்டது. உள்ளே அலாரம் அடித்துக்கொண்டே இருந்தது.

வின்சன்றின் கார் திரும்பி வீட்டுப் பாதைக்குள் வந்ததும் அது நின்றது.

"என்னப்பா? என்ன நடந்தது?"

"உள்ள ஆள்... பின் அறைக்குள்ள ஆள் இருக்கு."

எங்களைக் காருக்குள் ஏற்றிவிட்டு, அவர் ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்தபடி உள்ளே போனார். அவர் திரும்பி வரும்வரைக்கும் நான் செபமாலை சொன்னேன். ஒரு செபமும் சரியாக வாயில் வரவில்லை.

வந்தார். கையில் என் சப்பாத்தும் ஜக்கெற்றும்.

"ஒருத்தரும் இல்லை. ரெண்டு அறையும் பாத்தன். வெறுமை."

"கதவைத் திறந்து பாத்தனீங்களோ?"

"எந்தக் கதவை?"

"பின் அறைக் கதவை!"

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"பின் அறைக்குக் கதவில்லையப்பா. வெறும் நிலைதான் நிக்குது. முதல் நாள் நான் பாக்க வரேக்கையும் அப்பிடித்தான். கதவு போட்டுத் தாருங்கோ எண்டு அண்ணையிட்டைச் சொல்லவேணுமெண்டு நினைச்சுக்கொண்டிருந்தனான்."

வலது கையை விரித்துக் காட்டினேன்.

அவர் காருக்குள் லைற்றைப் போட்டார். உள்ளங்கையின் நடுவில் வட்டமாகத் தோல் சிவந்து, கொப்புளம் போட்டிருந்தது.

வின்சன்ற் காரைப் பின்னுக்கு எடுத்தார். நாங்கள் அந்த வீட்டுக்குப் பிறகு போகவே இல்லை. பிள்ளைக்கு அந்த இடத்துக் குளிர் ஒத்துவராது என்று அண்ணையிடம் சொல்லிவிட்டார். அண்ணையும் ஏன் என்று கேட்கவில்லையாம்.

பனி கரைந்த பிறகு ஒருநாள் தமிழ்க் கடையொன்றில் மரக்கறி எடுத்துக்கொண்டு நின்றேன். ஒரு அம்மா என் பக்கத்தில் வந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும். மெலிந்த முகம்.

"நீர் வின்சன்ற் தம்பியின்ர மனுசியெல்லே? அன்ரனெற்?"

"ஓம்."

"நான் தவமணி. சண்முகநாதன்ர மனுசி."

அவர் இன்னும் கிட்ட வந்தார். வேறு யாருக்கும் கேட்காத குரலில் கேட்டார்.

"கதவைத் திறந்தனீரோ?"

கதவைப் பற்றி வின்சன்றையும் என் தங்கையையும் தவிர நான் யாருக்கும் சொல்லவில்லை. வின்சன்றும் வெளியில் வாய் திறக்கவில்லை.

"இல்லை அக்கா."

அவர் கத்தரிக்காய்ப் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"நானும் திறக்கேல்லை" என்றார்.

பிறகு சொன்னார். நாலு வருசத்துக்கு முன்னர் அந்த அறையில் ராகுலன் என்று ஒரு பெடியன் இருந்தானாம். நாட்டுக்குப் புதிது. இரவு வேலை. பகலில் படுப்பான். ஹீற்றரைக் கட்டிலோடு வைத்துவிட்டு நித்திரையாகிவிட்டான். கம்பளி பற்றிவிட்டது.

"கீழ அலாம் ஒண்டும் இருக்கேல்லை, தங்கச்சி. மணம் வந்துதான் நான் ஓடிப்போனன். தட்டிக்கொண்டு கிடந்தவன். அக்கா, அக்கா எண்டவன். கைபிடி சுட்டது. நான் விட்டிட்டு மேல ஓடி வந்திட்டன். கதவு பூட்டிக் கிடக்கேல்லை. புகைக்குள்ள அவனுக்குத்தான் கைபிடி பிடிபடேல்லை."

"பிறகு ஏன் அக்கா அந்த இடத்தை வாடகைக்கு விடுறீங்கள்?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அழவில்லை. கோபமும் இல்லை.

"கதவைக் கழட்டி எறிஞ்சு நாலு வருசம். எனக்கு அந்தக் கதவு தெரியிறேல்லை. எத்தினையோ தரம் போய் நிண்டு பாத்திட்டன். குடியிருக்க வாற ஆக்களுக்குத்தான் தெரியுது. உம்மோட நாலு பேர். ஒருத்தரும் திறக்கேல்லை. ஆராவது ஒராள் திறப்பினமெண்டுதான் விடுறன்."

சொல்லிவிட்டு, நல்ல கத்தரிக்காயாகப் பார்த்துப் பைக்குள் போடத் தொடங்கினார்.