சோளத்தை அறுக்கச் சொன்ன பிலோமினா மேடம்

பிலோமினா மேடம் போய்விட்டார். இன்று காலை, ராமநாதபுரத்தில் மகள் வீட்டில்... பழைய ஆபீஸ் ஆட்கள் யாராவது பார்த்தால் மற்றவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

தொண்ணூறுகள். கோவையில் விவசாயிகளுக்கு வானிலை அறிக்கை தயாரிக்கும் சின்ன அரசு ஆபீஸ். டெல்லியிலிருந்து வரும் ஃபோர்காஸ்ட்டைப் பார்த்து "இப்போது விதைக்கலாம்", "மருந்து அடிக்க வேண்டாம்" என்று எழுதுவது மேடம். டைப் அடிப்பது நான். ரேடியோவில் வாசிப்பார்கள்.

யாரும் நம்ப மாட்டார்கள். காங்கேயம் பக்கம் ஒரு கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டே விட்டார்.

"ஏனுங்க அம்மணி, மழை வருதுன்னு சொல்லச் சொல்லி வெதைக்கடைக்காரன் உங்களுக்கு எதாச்சும் குடுக்கறானுங்களா?"

மேடம் கோபப்படவில்லை. "சந்தேகப்படுங்க. ஆனா கேட்டுப்போட்டு சந்தேகப்படுங்க."

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. மானாவாரிச் சோளம் இடுப்பு உயரத்தில் வாடி நின்றது. மேடம் அறிக்கையில் 'வறட்சி' என்று எழுதினார். மேலதிகாரி எங்கள் ரூமுக்கே வந்துவிட்டார்.

"அந்த வார்த்தையை எடுத்துருங்க மேடம். நாமளே வறட்சின்னு சொன்னா நாளைக்கே நிவாரணம் கேட்டு வந்து நிப்பாங்க. 'மழை சற்றுக் குறைவு'ன்னு போடுங்க."

"சரிங்க சார்" என்றார் மேடம். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவரும் அவ்வளவுதானா...

மேலதிகாரி போனதும் மேடம் என்னிடம் திரும்பினார். "அடிங்க சாந்தி. மழை சற்றுக் குறைவு. சோளம் இனிக் கதிர் பிடிக்காது. இப்போதே அறுத்து, நன்றாகக் காயவைத்து மாட்டுக்கு வைத்துக்கொள்ளவும். வாடிய பயிரில் விஷம் இருக்கும், பச்சையாகப் போட வேண்டாம்."

"மேடம், இதுவும் அதேதானுங்களே?"

"அந்த வார்த்தை இல்லீங்களே."

ரேடியோவில் அப்படியே வந்தது. கேட்டவர்கள் அறுத்துக் காயவைத்துப் போர் போட்டார்கள். அரசு ஒருவழியாக வறட்சி என்று அறிவித்தபோது, அறுக்காதவர்கள் காட்டில் எல்லாம் கருகி, மாடு வாய் வைக்க ஒன்றுமில்லை.

அதற்கு முன்பே மேடத்துக்கு டிரான்ஸ்ஃபர். கடலோரத்தில் ஏதோ ஊர். வழக்கமானதுதான் என்றார்கள். டீ பார்ட்டியில் அதே மேலதிகாரி சிரித்துக்கொண்டே சால்வை போர்த்தினார்... அந்தச் சிரிப்பை நான் இன்றைக்கும் நம்பவில்லை.

மேடத்திடம் கேட்டால், "கடல் காத்து நல்லாருக்குமுங்க." அவ்வளவுதான்.

அந்தக் காங்கேயத்துக்காரர் ஒருநாள் ஆபீசுக்கு வந்தார். மேடம் எங்கே என்றார். சொன்னேன்.

"மாத்திப்போட்டாங்களா? அப்ப அந்த அம்மணி சொன்னது அத்தனையும் நெசமுங்க."

அடக்கம் நாளை மாலை. மழைக்கு வாய்ப்பே இல்லை என்கிறது போன். கேட்டுக்கொண்டேன். நான் குடை எடுத்துக்கொண்டுதான் போகிறேன்.

போய் வாங்க மேடம்...