காரணம் விரிவாக எழுதவும்

பூமாரிக்குப் பத்தாம் வகுப்புத் தமிழில் தொண்ணூற்றிரண்டு மார்க். அந்தத் தமிழுக்கு முப்பது வருஷமாக ஒரு வேலையும் வரவில்லை. மார்க்கையன்கோட்டையிலிருந்து ரெண்டு பஸ் மாறித் தேனிக்கு வந்து, ஞானதுரை கம்பெனியில் ஏலக்காய் பொறுக்குகிறவளுக்கு எழுத்து எதற்கு? பச்சைக் காய் ஒரு தட்டு, வெளுத்தது ஒரு தட்டு, வெடித்தது ஒரு தட்டு. பதினேழு வருஷமாக அதே மூன்று தட்டுதான்.

அவள் தமிழுக்கு வேலை கொடுத்த புண்ணியம் முதலாளி மகன் ஜோயலைச் சேரும். கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்துவிட்டு மேனேஜராக வந்து இறங்கினான். சின்ன வயதில் மூட்டை மேல் ஏறி விழுந்தவனைத் தூக்கிவிட்ட உரிமையில், "வாங்க தம்பி" என்றாள் பூமாரி.

"சார்னு கூப்பிடுங்க. மத்தபடி நாம எல்லாரும் ஒரே குடும்பம்" என்றான். அன்றைக்கே அதைப் பேனராக அடித்துச் சுவரில் மாட்டினான். குடும்பம் கைகாலை ஆட்டாமல் சும்மா இருக்கிறதா என்று பார்க்க நாலு கேமராவும் மாட்டினான்.

ரெண்டாவது வாரம் பெண்கள் கழிப்பறைக்குப் பூட்டு வந்தது. சாவி ஜோயல் மேஜையில். பக்கத்தில் ஒரு நோட்டு. பெயர், போன நேரம், வந்த நேரம், காரணம். முப்பத்தெட்டுப் பெண்களும் காரணம் என்ற இடத்தில் 'பாத்ரூம்' என்று எழுதினார்கள். வேறு எதற்குப் போவார்கள், மாங்காய் பறிக்கவா?

ஜோயலுக்கு அது பத்தவில்லை. கூட்டம் போட்டான். "காரணத்த விரிவா எழுதணும். டேட்டா இருந்தாத்தான் கம்பெனி வளரும்." அதுவரை கம்பெனி ஏலக்காயால் வளர்ந்ததாகத்தான் எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பூமாரி பெரியவர் ஞானதுரையிடம் போனாள். "மொதலாளி, சாவிக்குக் கையக் கட்டி நிக்கிறது அசிங்கமா இருக்கு."

"அவன் படிச்சவன் ஆத்தா. எல்லாம் பாத்துக்கிருவான்."

சரி, விரிவாகத்தானே? மறுநாளே ஆரம்பித்தாள். எழுதத் தெரியாதவர்களுக்கும் அவளே எழுதினாள்.

'பூமாரி, 10.40. காலை டிபனுக்குக் கம்பெனி சாம்பார். இன்று இது இரண்டாவது முறை. முதல் முறையில் முழுத் திருப்தி இல்லை.'

'சினேகா, 11.15. மாதவிலக்கு, இரண்டாம் நாள். லீவு கேட்டதற்கு, எல்லாருக்கும் வருவதுதானே என்றார் சார். அவருக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை.'

'அய்யம்மாள், 11.50. சர்க்கரை வியாதி. பதினொன்றரைக்கே சாவி கேட்டார். சார் போன் பேசி முடிக்கும்வரை நின்றார்.'

ஜோயல் இதில் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. படித்தவனுக்குப் படிக்க நேரம் ஏது? நிமிஷங்களை மட்டும் கூட்டி, கலர் கலராகப் படம் போட்டு, பொறுக்குகிற ஹாலில் டிவியில் ஓடவிட்டான். அதிக நேரம் 'வீணாக்கியவர்' பெயர் சிவப்பில் மின்னும். தினமும் மின்னியது அய்யம்மாள்தான்.

குச்சனூர்க்காரி. ஐம்பத்தெட்டு வயது. பூமாரிக்குப் பக்கத்து ஸ்டூல். சிவப்புக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டாள். "குடிச்சாத்தானடி போகணும்?" மூன்றாம் வாரம் அவள் பெயர் பச்சைக்கு வந்தது. 'சிறந்த முன்னேற்றம்' என்று எல்லாரையும் கைதட்டச் சொன்னான் ஜோயல். தட்டினார்கள். அதற்கு நாலாம் நாள் மத்தியானம் காய்ச்சலோடு தட்டின் மேலேயே சாய்ந்தாள். நீர்த்தாரையில் கிருமி, சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்றார் டாக்டர்.

ஆட்டோவில் அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போனபோது பூமாரிக்கு நோட்டில் பண்ணின நக்கலெல்லாம் கூசியது. நாலு பேரைச் சிரிக்க வைத்தாள், சரி. ஒரு சாவியை வாங்கிக் கொடுக்க முடியவில்லையே. சாயங்காலம் திரும்பி வந்து எழுதினாள்: 'அய்யம்மாள். போனது 2.10. வரவில்லை. ஆஸ்பத்திரியில் இருக்கிறார். காரணம்: இந்த நோட்டு.'

அடுத்த வாரம் கொச்சியிலிருந்து ஷீபா என்ற அதிகாரி வந்தாள். அவள் வேலை பார்ப்பது வெளிநாட்டுக்குச் சரக்கு அனுப்புகிற கம்பெனி. வாங்கும் முன்னால், வேலையாட்களை ஒழுங்காக வைத்திருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். "எல்லாத்துக்கும் ரெக்கார்டு இருக்கு மேடம்" என்று ஜோயலே நோட்டை எடுத்து நீட்டினான். அவ்வளவு பெருமை.

ஷீபா எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். சாம்பார் வரியில் சிரிப்பில் உதடு துடித்தது. பக்கம் போகப் போக முகம் இறுகியது. கடைசி வரியில் நின்றுவிட்டாள்.

"இது யாரு எழுதியது?"

பூமாரி எழுந்தாள். "நாந்தாங்க. சார்தான் விரிவா எழுதச் சொன்னாக."

ஷீபா நோட்டைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்தாள். ஜோயல், "மேடம், நாங்க ஒரு குடும்பம் மாதிரி..." என்று இழுத்தான்.

"ஓஹோ. வீட்டிலும் இதுபோல பூட்டு உண்டோ?"

பூட்டு எடுத்தால்தான் ஆர்டர் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள். அவமானத்தில் ஜோயல் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டதால், பூட்டைச் சுத்தியலால் அடித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே ஆத்தா?" என்றார் ஞானதுரை.

"சொன்னேன் மொதலாளி. நீங்கதான் படிச்சவன் பாத்துக்கிருவான்னீக."

முதலாளிக்கு உடனே ஒரு போன் வந்தது. மணி அடித்தது மட்டும் யார் காதிலும் விழவில்லை.

ஜோயலும் சும்மா இருக்கவில்லை. 'பெண் ஊழியர் நலனில் எங்கள் முன்னோடி முடிவு' என்று இணையத்தில் எழுதி முந்நூறு பேரிடம் வாழ்த்து வாங்கினான். நலக்குழு அமைத்துப் பூமாரியைத் தலைவி ஆக்கினான். கூட்டம் சாப்பாட்டு நேரத்தில்தான். வேலை நேரத்தில் வைத்தால் வருகிறேன் என்றாள் அவள். ரெண்டு வாரம் முறைத்துக்கொண்டு இருந்துவிட்டு அவன் ஒத்துக்கொண்டான்.

அய்யம்மாள் பிழைத்து வந்தாள். கம்பெனிக்கு வரவில்லை. மகளோடு திராட்சைத் தோட்டத்து வேலைக்குப் போகிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போன பூமாரியிடம் கேட்டாள்: "நீயும் வேற கம்பெனி பாக்க வேண்டியதுதானடி?"

"அங்கனயும் ஒரு மொதலாளி மகன் படிச்சுட்டு வருவான்லக்கா. இவனையாச்சும் பாதி பழக்கிட்டேன்."