என்ஜின் அத்தானின் மூக்கு

என் அக்காவைக் கட்டிக்கொண்டவருக்குத் தெருவில் என்ஜின் என்று பெயர். சாயங்காலம் பின்பக்க பால்கனியிலிருந்து புகை கிளம்பினால் அவர் வேலை முடிந்து வந்துவிட்டார் என்று நாலு வீட்டுக்குத் தெரியும். பிடிப்பது சிகரெட் அல்ல, பைப். சிகரெட் பிடிக்கிறவர்களை அத்தான் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. "அது புகை, இது ருசி" என்பார். ரெண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று வாயைக் கொடுத்தால் தீர்ந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஆரம்பித்து, நம்மைக் கழுதையாக்கி முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். அவர்கள் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருப்பதால் அந்தக் கழுதை பெரும்பாலும் நான்தான்.

பல்செட் செய்வது அவர் தொழில். பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சில் சுண்ணாம்பு மாவைக் கரைத்து ஊற்றி, மெழுகில் பல்லைப் பதித்து, ஈறு கட்டி, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவார். பல்லுக்குச் சொந்தக்காரரை ஒரு நாளும் பார்த்ததில்லை. ஆனாலும் பஸ்ஸில் யாராவது வயசானவர் சிரித்தால் என் விலாவில் இடிப்பார். "நம்ம வேலைதான் மச்சான், கவனி." நான் கவனிப்பதற்குள் அந்த மனிதர் பயந்துபோய் வாயை மூடிக்கொள்வார்.

புகையிலை சேர்ப்பதில்தான் அவருக்கு உயிர். இனிப்பான மஞ்சள் இலை, விறகுப் புகையில் வாட்டிய கறுப்பு இலை, பீப்பாயில் அழுத்திப் புளிக்கவைத்த இலை என்று கம்பெனிக்கு ஒரு விதமாகக் கலந்து டப்பாவில் வரும். அத்தான் அதைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, காற்றுப் புகாமல் மூடி, வருஷக்கணக்கில் ஊறவிடுவார். "நம்மள மாதிரி இல்ல மச்சான். இதுக்கு வயசானா குணம் வரும்." பால்கனி அலமாரியில் இப்படி இருபது ஜாடிகள். ஒவ்வொன்றுக்கும் அக்கா தனித்தனியாகத் திட்டுவாள். ஒன்றுக்குத் திட்டியதை இன்னொன்றுக்குத் திட்டமாட்டாள்.

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ருசிக் கூட்டம் நடக்கும். கூட்டம் என்றால் மூன்றே பேர்: அத்தான், ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர், பூட்டு ரிப்பேர்க்காரர் ஒருவர். மற்ற இருவரில் ஒருத்தர் பெயர் சொல்லாமல் ஒரு கலவையைப் பொட்டலம் கட்டிக் கொண்டுவருவார். அத்தான் நாலு இழுப்பு இழுத்து, கண்ணை மூடி, உள்ளே என்னென்ன இலை என்று பிட்டுப் பிட்டு வைப்பார். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. அன்றைக்கு அவர் நடையே வேறு. வாசல் நிலை இடிக்குமோ என்று குனிந்து வருவார். அவ்வளவு உயரமும் கிடையாது.

போன மாதம் அவருக்குக் காய்ச்சல் வந்தது. நாலு நாளில் போய்விட்டது, போகும்போது மூக்கையும் கொண்டுபோய்விட்டது. பட்டறையில் ஈறு கட்டுகிற திரவத்தைத் திறந்தபோதுதான் அவருக்கே தெரிந்ததாம். பக்கத்து மேஜைக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்தார். அத்தானுக்குக் கண் எரிந்தது, நாற்றம் மட்டும் வரவில்லை. டாக்டரிடம் ஓடினார். சிலருக்குத் திரும்பி வரும், சிலருக்கு வராது, பொறுத்துப் பாருங்கள் என்றார் அவர். அத்தான் வீட்டில் மூச்சு விடவில்லை. திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். பைப்பைப் பற்றவைத்தால் வெந்நீர் ஆவியை இழுப்பது போல இருந்ததாம். அப்படியும் தினமும் பற்றவைத்தார்.

அடுத்த கூட்டத்து ஞாயிற்றுக்கிழமை வந்தது. இந்தத் தடவை கார்டு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். "இதைச் சொல்லிட்டா என் மீசையை எடுத்துடறேன்" என்றார். அத்தான் இழுத்தார். கண்ணை மூடினார். இன்னும் இறுக்கி மூடினார். முகத்தில் ஈயாடவில்லை. நான் சும்மா வேடிக்கை பார்க்கப் போனவன். நானே அவரை விட்டுவிட்டுக் கார்டின் மீசையைப் பார்க்க ஆரம்பித்தேன்.

அந்த நேரம் பார்த்து அக்கா டீ கொண்டுவந்தாள். "ஐயையே, என்ன கண்றாவி இது? ஈரத் துணியை விறகடுப்பு மேல போட்டு வாட்டின மாதிரி!"

அத்தான் கண்ணைத் திறந்தார். "விறகுப் புகையில வாட்டின கறுப்பு இலை. பாதிக்கு மேல அதான்."

"அடேங்கப்பா!" என்றார் பூட்டுக்காரர்.

"இன்னொண்ணு இருக்கே" என்றார் கார்டு, மீசையைத் தடவிக்கொண்டு.

அக்கா அதற்குள் உள்ளே போய்விட்டாள். அத்தான் டீயை ஒரு வாய் குடித்துவிட்டுக் கூப்பிட்டார். "இந்தா, இதுல சக்கரை பத்தலயே."

அக்கா சர்க்கரை டப்பாவோடு வந்து மூக்கைச் சுளித்தாள். "கூடவே புளிச்ச வாடை வேற. திராட்சை அழுகிப்போன கூடை மாதிரி. எப்படித்தான் உக்காந்திருக்கீங்களோ!"

"பீப்பாயில புளிக்கவெச்சது" என்றார் அத்தான், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். "ஒரு சிட்டிகைதான் சேர்ந்திருக்கு."

கார்டு கையெடுத்துக் கும்பிட்டார். மீசையை மட்டும் எடுக்கவில்லை.

அவர்கள் படியிறங்கும்வரை அக்கா வாசலில் நின்றாள். கதவைச் சாத்தியதும் திரும்பினாள். "ஏங்க, பத்து வருஷமா சக்கரை இல்லாம குடிக்கிறவருக்கு இன்னைக்கு என்ன சக்கரை? நான் சொல்லச் சொல்ல அதையே பாட்டா படிக்கிறீங்க. உங்க மூக்குக்கு என்ன ஆச்சு?"

முழுப் பூசணிக்காயை எத்தனை நாள் சோற்றில் மறைப்பது? அத்தான் சொல்லிவிட்டார். சொல்லும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லு செய்ய ஊர்ல ஆயிரம் பேர் இருக்கான். இது ஒண்ணுதான் எனக்குன்னு இருந்துச்சு. இதுவும் போயிட்டா நான் யாரு?"  எப்போதும் அவரைக் கிண்டல் செய்கிற எனக்கே அன்றைக்குப் பாவமாக இருந்தது, நிஜமாகவே பாவமாக இருந்தது.

அக்கா ஆறுதல் சொல்கிற ரகம் இல்லை. பால்கனிக்குப் போய் நின்று, "ஜாடிக்கும் மூடிக்கும் சம்பந்தமே இல்லாம கெடக்கே, மஞ்சள் இலை மேல கறுப்புன்னு இருக்கு, ஏன்?" என்றாள்.

ஒன்றிலாவது வாசனை வராதா என்று முந்தின நாள் இருபதையும் திறந்து வைத்து முகர்ந்து பார்த்துவிட்டு, கைக்கு வந்த மூடியைப் போட்டு மூடியிருக்கிறார். பெயர்ச்சீட்டெல்லாம் மூடியில். மூடியெல்லாம் ஒரே அளவு. எது எதற்கு என்று மூக்கு சொல்லும் என்று இத்தனை வருஷம் தைரியமாக இருந்தவர். பட்டறையில் ஒவ்வொரு அச்சின் அடியிலும் பெயரைக் கீறிவைக்கிற மனிதர், வீட்டு ஜாடிக்கு மூடியில் ஒட்டியிருக்கிறார்! இதை நான் பிற்பாடுதான் சொல்லிக் காட்டினேன். அன்றைக்கு மனசு வரவில்லை.

அக்கா தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். முதல் ஜாடியைத் திறந்தாள். "இது செத்த எலி."

"செத்த எலியா?" அத்தான் நிமிர்ந்தார். "அப்ப அது ஆறு வருஷம் ஊறினது!"

"இது சம்பந்தி வீட்டுக்காரங்க வந்தப்ப பிடிச்சது. திரைச்சீலையை மூணு தடவை துவைச்சேன்."

"கறுப்பு இலை, கறுப்பு இலை! எழுது மச்சான்."

"இது மழையில நனைஞ்ச செருப்பு. இது ஆஸ்பத்திரித் தரை. இது உங்க பெரியப்பா."

பெரியப்பாவை அத்தான் உடனே கண்டுபிடித்துவிட்டார். நான் சீட்டு எழுதி, இந்தத் தடவை ஜாடியின் வயிற்றிலேயே ஒட்டினேன். பத்தொன்பது முடிந்தது. இருபதாவதை அக்கா முகர்ந்தாள். மறுபடி முகர்ந்தாள். மூக்கைச் சுளிக்கவே இல்லை.

"என்னது அது?" அத்தானுக்குப் பதற்றம். "திட்டு, திட்டு."

"இதுக்கு என்னன்னு திட்டறது? இது நல்லாத்தானே இருக்கு." ஜாடியை மூடாமல் மடியில் வைத்துக்கொண்டாள். "கல்யாணமான புதுசுல, அந்த ஒத்தை ரூம்ல, ஜன்னல்கிட்ட உக்காந்து பிடிப்பீங்களே, இதான்."

"வெனிலா வாசனை போட்டதா?" அத்தானின் முகம் கோணியது. "அது கத்துக்குட்டிங்க பிடிக்கிறது. ஒண்ணும் தெரியாதவங்க வந்தா கொடுக்கலாம்னு வெச்சிருக்கேன்."

"அப்ப நான் கத்துக்குட்டி" என்றாள் அக்கா. "இதை ஏன் விட்டீங்கன்னு அப்பவே கேக்க நெனைச்சேன். அதுக்குள்ள நீங்க அடுத்த டப்பாவுக்குப் போயிட்டீங்க. அப்புறம் திட்டறதுக்கே நேரம் சரியாப் போச்சு."

அத்தான் வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். பிறகு அவள் மடியிலிருந்த ஜாடியில் கையைவிட்டு ஒரு கிள்ளு எடுத்து, பைப்பில் நிதானமாக அடைத்தார்.

கார்டிடமும் பூட்டுக்காரரிடமும் அவரே உண்மையைச் சொல்லிவிட்டார். மூக்கு இன்னும் வரவில்லை. அந்தப் பத்தொன்பது ஜாடிகளும் ஊறிக்கொண்டிருக்கின்றன. அத்தான் தினமும் சாயங்காலம் வெனிலாதான் பிடிக்கிறார், ஒரு ருசியும் தெரியாமல். மாடியிலிருந்து எட்டிப் பார்த்தால் பால்கனியில் இப்போது இரண்டு நாற்காலிகள். நேற்றும் பார்த்தேன். "எப்படி இருக்கு?" என்று கேட்டார் அத்தான்.

"காத்து அந்தப் பக்கம் அடிக்குது" என்றாள் அக்கா. "கொஞ்சம் இந்தப் பக்கமா ஊதுங்க."